யானையைக் கட்டித் தீனி போடும் காண்ட்ராக்ட்கள்: என்.பி.ஏ. டிரேட் அனுபவங்கள்

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ‘மோசமான காண்ட்ராக்ட்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆட்டக்காரரைப் பற்றிய தீர்ப்புதான். “ஆள் முடிஞ்சுட்டான், இன்னும் நாற்பது மில்லியன் வாங்குறான்பா” என்று முடித்துவிடுகிறோம். டிரேட் (அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்வது) போட உட்காருகிறவருக்கு அது நாலாவது கேள்வி. இந்த வருஷச் சம்பளம் எவ்வளவு, இன்னும் எத்தனை வருஷம், நம் அணி எந்தக் கோட்டுக்கு மேல் நிற்கிறது, இந்த மூன்றும்தான் முதலில்.

2025-26இல் ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கான கோடுகள் இவை (ஏப்ரன் என்பது வரிக் கோட்டுக்கும் மேலே, தாண்டினால் டிரேட் கட்டுப்பாடுகள் இறுகும் எல்லை): சம்பள உச்சவரம்பு 154.647 மில்லியன் டாலர், ஆடம்பர வரி 187.895, முதல் ஏப்ரன் 195.945, இரண்டாம் ஏப்ரன் 207.824. கீழே பேசப்போகும் பாதி சிக்கல் இந்த நாலு எண்களில் இருந்துதான் பிறக்கிறது. சுமையான காண்ட்ராக்ட்களைக் கைமாற்றிய, நீங்கள் கூர்ந்து கவனித்த டிரேட்களை இந்தத் திரியில் எழுதுங்கள். யார் ஜெயித்தார்கள் என்பது இரண்டாம்பட்சம். எங்கே முட்டியது, எப்படி வழி கண்டார்கள் என்று சொல்லுங்கள்.

* * *

நான் எடுத்துக்கொள்வது சாண்ட்லர் பார்சன்ஸ். மெம்ஃபிஸ் 2016இல் கொடுத்தது 4 வருஷம், 94 மில்லியன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2019 ஜூலையில் கடைசி வருஷம் மட்டும் மிச்சம், 25.1 மில்லியன். அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பி, சாலமன் ஹில், மைல்ஸ் பிளம்லி இருவரையும் வாங்கினார்கள். இருவருடையதும் ஏறக்குறைய பன்னிரண்டரை மில்லியன், இருவருக்கும் அதே கடைசி வருஷம்தான். அதாவது மோசமான ஒன்றைக் கொடுத்து மோசமான இரண்டு.

முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் 25 மில்லியன் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த எண்ணுக்கு ஈடான பெரிய டிரேட் ஒன்றுதான் போட முடியும். இரண்டாக உடைத்தால் தனித்தனியாகவோ சேர்த்தோ பயன்படுத்தலாம். ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றுவது மாதிரி. மெம்ஃபிஸ் அதைச் செய்தும் காட்டியது. 2020 பிப்ரவரியில் இக்வடாலாவோடு ஹில்லும் மயாமி போனார், ஜஸ்டிஸ் வின்ஸ்லோ மெம்ஃபிஸ் வந்தார்.

அட்லாண்டா பக்கம் பார்த்தால் ஒரு ரோஸ்டர் (அணிப் பட்டியல்) இடம் காலியானது. 15 பேர் வரம்பு இருக்கும்போது அந்த ஒரு நாற்காலிக்கும் விலை உண்டு.

* * *

மேலே உள்ளதோடு சம்பளப் பொருத்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

முதல் ஏப்ரனுக்குக் கீழே இருக்கும் அணி, அனுப்புவதைவிடக் கூடுதலாக வாங்கலாம். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்தின் தொடக்க எண்கள்: அனுப்பும் சம்பளம் 7.5 மில்லியன் வரை என்றால் அதன் இரண்டு மடங்கோடு 2.5 லட்சம் டாலர். அதற்கு மேலே 29 மில்லியன் வரை அனுப்புவதோடு 7.5 மில்லியன். அதையும் தாண்டினால் 125 சதவீதத்தோடு 2.5 லட்சம். அந்த 7.5 மட்டும் உச்சவரம்போடு சேர்ந்து வருஷா வருஷம் ஏறும்.

முதல் ஏப்ரனுக்கு மேலே போய்விட்டால் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு டாலர்கூட வாங்க முடியாது. கீழே இருந்துகொண்டே இந்தக் கூடுதலைப் பயன்படுத்தினாலும், அந்த சீசன் முழுக்க முதல் ஏப்ரன் உங்களுக்குத் தாண்ட முடியாத சுவர் ஆகிவிடும். பலர் ஜூலையில் சந்தோஷமாகக் கூடுதல் வாங்கிவிட்டு, பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு ஆளை எடுக்கவே இடமில்லாமல் கையைப் பிசைவது இதனால்தான்.

இன்னும் ஒன்று, டிரேட் கிக்கர், அதாவது டிரேட் ஆனால் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் போனஸ். 15 சதவீதம் வரை இருக்கலாம். பணத்தைக் கொடுப்பது அனுப்பும் அணி. ஆனால் கணக்கில் ஏறுவது வாங்கும் அணிக்கு. அனுப்பும்போது பழைய எண், வாங்கும்போது கிக்கர் சேர்ந்த எண். இரண்டு பக்கமும் சரியாக இருந்த டிரேட் ஒரு பக்கம் மட்டும் சரிவது இங்கேதான். ஆட்டக்காரர் கிக்கரை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு சின்னச் சம்பளத்தை நுழைக்க வேண்டும்.

* * *

பிராட்லி பீல் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் இந்தத் திரி முழுமை ஆகாது. பொறுமையாக வாசியுங்கள்.

வாஷிங்டன் 2022இல் கொடுத்தது 5 வருஷம், 251 மில்லியன், கூடவே நோ-டிரேட் உரிமை, அதாவது அவர் சம்மதிக்காமல் டிரேட் செய்ய முடியாது. லீகில் 8 வருஷம், அதே அணியில் 4 வருஷம் முடித்தவருக்கே இது கிடைக்கும். 2023 ஜூனில் ஃபீனிக்ஸ் அவரை வாங்கியபோது அந்த உரிமையும் கூடவே வந்தது. அதனால் விற்க நினைத்தபோது வாங்குபவரை முடிவு செய்யும் அதிகாரம் பீலிடம் இருந்தது. சந்தையில் ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கிறது, சாவி சரக்கின் கையில்! இப்படிப்பட்ட நிலையில் டிரேட் நடக்காது, நடந்தால்தான் ஆச்சரியம்.

2025 கோடையில் மிச்சம் 2 வருஷம், 110.8 மில்லியன். மிஞ்சிய வழி நீக்கிவிட்டு ஸ்ட்ரெச் செய்வது, அதாவது மிச்சச் சம்பளத்தைக் கூடுதல் வருஷங்களுக்கு நீட்டிக் கணக்கில் ஏற்றுவது. விதி எளிது: மிச்ச வருஷத்தை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. ஆக 5 வருஷம். 110.8ஐ ஐந்தால் வகுத்தால் வருஷத்துக்கு 22.16 மில்லியன்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு பூட்டு. ஸ்ட்ரெச் செய்து கிடக்கும் செத்த பணம் எல்லாம் சேர்ந்து உச்சவரம்பில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 154.647இல் 15 சதவீதம் 23.2. அப்படியானால் 22.16 உள்ளேதானே? இல்லை. ஃபீனிக்ஸ் ஏற்கெனவே நசீர் லிட்டிலை 7 வருஷத்துக்கு நீட்டி வைத்திருந்தது, வருஷத்துக்கு 3.1 மில்லியன். இ.ஜே. லிடெல் பேரில் இன்னொரு 0.7. இரண்டும் சேர்ந்து 3.8. கழித்தால் பீலுக்கு மிச்சம் 19.4தான். ஐந்து வருஷத்துக்கு 97 மில்லியன். 110.8இல் இருந்து அதைக் கழியுங்கள், 13.8 வரும். பைஅவுட்டில் (பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து விலகும் ஏற்பாட்டில்) பீல் விட்டுக்கொடுத்ததாகச் செய்தி வந்த தொகையும் ஏறக்குறைய அதேதான். அது பேரம் பேசி வந்த எண் இல்லை, வெறும் கழித்தல். முந்தைய வருஷம் லிட்டிலைப் பொறுமையாக வைத்திருந்தாலோ வேறு அணிக்குத் தள்ளியிருந்தாலோ இந்தப் பூட்டே விழுந்திருக்காது.

ஒப்பிட்டுப் பாருங்கள், அதே கோடையில் மில்வாக்கி டேமியன் லில்லார்டை நீக்கியது. சுமார் 112.6 மில்லியன், ஐந்தால் வகுத்தால் 22.5. 23.2க்குள் அடங்கியது. அதனால் அவர் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. கிடைத்த இடத்தில் மைல்ஸ் டர்னர் வந்தார். ஆனால் இரண்டு அணிகளின் கணக்கிலும் 2029-30 வரை இந்தத் தொகை உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரெச் செய்ததை டிரேட் செய்யவும் முடியாது. சுமையாகவே இருந்தாலும் உயிரோடு இருக்கும் காண்ட்ராக்ட்டுக்கு இதைவிட மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

தேதியும் முக்கியம். ஆகஸ்ட் 31க்குள் நீக்கினால்தான் நடப்பு வருஷமும் நீளும். செப்டம்பர் பிறந்துவிட்டால் அந்த வருஷச் சம்பளம் முழுசாக அப்படியே நிற்கும், அடுத்த வருஷங்கள் மட்டுமே நீட்டப்படும்.

* * *

ப்ரோ, பீல் கணக்குக்கு ஒரு சல்யூட். இரண்டாம் ஏப்ரன் பக்கம் ஒரு உதாரணம் நான் போடுகிறேன்.

இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி இரண்டு சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, பணமும் அனுப்ப முடியாது. ஏழு வருஷம் தள்ளி வரும் முதல் சுற்று பிக் (டிராஃப்டில் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) டிரேட் செய்ய முடியாதபடி உறைந்துவிடும். ஆனால் ஒரு பெரிய ஆளைக் கொடுத்துப் பல சின்ன ஆட்களை வாங்கலாம், மொத்தம் கூடாமல் இருந்தால் போதும். 2024 இலையுதிர் காலத்தில் மினசோட்டா செய்தது அதைத்தான். கார்ல்-ஆந்தனி டவுன்ஸின் 49 மில்லியன் வெளியே. ஜூலியஸ் ராண்டில், டான்டே டிவின்சென்ஸோ, கீட்டா பேட்ஸ்-டியோப் உள்ளே, கூட ஒரு முதல் சுற்று பிக்.

முட்டியது நியூயார்க் பக்கம். மூவரையும் கூட்டினாலும் 49ஐ எட்டவில்லை, பல மில்லியன் குறை. அதற்கு அவர்கள் கண்ட வழி ரசிக்கும்படி இருந்தது. முந்தைய சீசனில் தங்களிடம் இருந்து, அப்போது எந்த அணியிலும் இல்லாத டாக்வான் ஜெஃப்ரிஸ், சார்லி பிரவுன் ஜூனியர், டுவேன் வாஷிங்டன் ஜூனியர் மூவருக்கும் ‘கையெழுத்துப் போட்டு டிரேட்’ முறையில் காண்ட்ராக்ட் கொடுத்து, சார்லட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறையில் காண்ட்ராக்ட் குறைந்தது 3 வருஷம் இருக்க வேண்டும், ஆனால் முதல் வருஷம் மட்டும் உத்தரவாதமாக இருந்தால் போதும். அந்த ஓட்டைதான் குறைந்த மில்லியன்களை நிரப்பியது. சார்லட்டுக்குக் கூலி இரண்டாம் சுற்று பிக்குகள். மூன்றாம் அணி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: ஆள் வேண்டாம், சம்பளக் கணக்கில் காலி இடம் வேண்டும்.

* * *

காலி இடத்தை விற்பது பழைய தொழில். 2013 ஜூலையில் கோல்டன் ஸ்டேட், ஆண்ட்ரே இக்வடாலாவுக்கு இடம் வேண்டும் என்று ரிச்சர்ட் ஜெஃபர்சன், ஆண்ட்ரிஸ் பியட்ரின்ஸ், பிராண்டன் ரஷ் மூவரையும் யூட்டாவிடம் தள்ளியது. மூன்றும் கடைசி வருஷ காண்ட்ராக்ட்கள், மொத்தம் சுமார் 24 மில்லியன். வாங்கிக்கொள்ள யூட்டா கேட்ட கொசுறு 2014, 2017 இரண்டு வருஷ முதல் சுற்று பிக்கும். கீரைக்காரியிடம் நாம் வாங்கும் கொசுறு மாதிரி இல்லை இது, கூடையையே கொடுத்த மாதிரி. ஆனாலும் அடுத்து வந்ததைப் பார்த்தால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

இப்போது அப்படிக் காத்திருக்கும் அணிகள் குறைவு. சீசன் தொடங்கும் நாளுக்குள் உச்சவரம்பில் 90 சதவீதமாவது செலவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற அணிகள் கட்டும் ஆடம்பர வரியில் பங்கு கிடைக்காது. அதனால் பிப்ரவரி வரை இடத்தைக் காலியாக வைத்துக் கடை விரிக்க முடிவதில்லை. தள்ளுவதாக இருந்தால் ஜூலையிலேயே தள்ளுங்கள்.

* * *

ஓக்லஹோமா சிட்டி பெயர் இன்னும் வரவில்லையே! சுமையை வாங்குவதைத் தொழிலாகச் செய்தவர்கள்.

2019 ஜூலையில் வெஸ்ட்புரூக்கைக் கொடுத்து ஹூஸ்டனிடம் இருந்து கிறிஸ் பாலை வாங்கினார்கள். பாலுக்கு மிச்சம் 3 வருஷம், சுமார் 124 மில்லியன், வயசு 34. கூடவே இரண்டு முதல் சுற்று பிக், இரண்டு பிக் மாற்று உரிமை. ஒரே சீசன் ஆடவிட்டு, 2020 நவம்பரில் ஃபீனிக்ஸிடம் இன்னொரு முதல் சுற்று பிக்குக்கு விற்றார்கள். பால் அந்த சீசனிலேயே ஃபீனிக்ஸை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார்.

அடுத்து அல் ஹார்ஃபர்ட். 2020 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா அவரைத் தள்ள 2025 முதல் சுற்று பிக்கைப் பாதுகாப்போடு கொடுத்தது. ஆறு மாசம் கழித்து ஹார்ஃபர்ட் பாஸ்டனுக்கு, கெம்பா வாக்கர் ஓக்லஹோமாவுக்கு, கூட 2021இன் 16ஆம் பிக். பாஸ்டன் ஏன் ஒப்புக்கொண்டது? வாக்கருக்கு இரண்டு வருஷத்தில் 73 மில்லியனுக்கு மேல். ஹார்ஃபர்டுக்கு வருஷத்துக்கு 27, அதிலும் கடைசி வருஷத்தில் 14.5 மில்லியன் மட்டும்தான் உத்தரவாதம். மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், உத்தரவாதத் தொகையைப் பாருங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

அந்த ஃபிலடெல்ஃபியா பிக் முதல் 6 இடங்களுக்குள் வந்தால் கைமாறாது. 2025இல் 3ஆம் இடம் வந்தது, கைமாறவில்லை, கடன் 2026க்கு நகர்ந்தது. இப்படி உருண்டு போகக்கூடிய பிக் ஒன்று வெளியே நின்றால் பக்கத்து வருஷங்களும் கட்டுப்படும், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு வருஷம் முதல் சுற்று பிக்கே இல்லாமல் இருக்கக்கூடாது என்பது ஸ்டெபியன் விதி. கொசுறு ஒன்று கொடுத்தோம் என்று நினைப்பீர்கள், மூன்று வருஷ பிக்குகள் பூட்டப்பட்டிருக்கும்.

* * *

யாரும் எடுக்கவில்லை என்றால் ஒரே அளவுள்ள இன்னொரு சுமையைத் தேடுவார்கள். 2020 டிசம்பரில் வெஸ்ட்புரூக்குக்கு ஜான் வால், இருவருக்கும் 41 மில்லியன் சொச்சம், வருஷமும் ஒன்றே. வாஷிங்டன் மேலே ஒரு பாதுகாக்கப்பட்ட முதல் சுற்று பிக் வைத்தது. ஹூஸ்டனில் வால் 2021-22 முழுக்க உட்கார்ந்தே சம்பளம் வாங்கினார். பிறகு 2022 ஜூனில் 47 மில்லியனில் 6.5ஐ விட்டுக்கொடுத்துப் பைஅவுட். அது ஏறக்குறைய அடுத்த அணியில் கிடைக்கப்போகும் சம்பளம். பைஅவுட் பேச்சு எப்போதும் இந்த எண்ணில் இருந்துதான் தொடங்கும்.

மருத்துவப் பரிசோதனையை மறக்க வேண்டாம். 2025இல் ஜூரூ ஹாலிடேயை போர்ட்லாண்டுக்கு அனுப்பி அன்ஃபெர்னி சைமன்ஸோடு இரண்டு இரண்டாம் சுற்று பிக்கும் வாங்குவதாக பாஸ்டன் பேசி முடித்தது. ஹாலிடேக்கு இன்னும் 3 வருஷம், 104 மில்லியன். பரிசோதனைக்குப் பிறகு அந்த இரண்டு பிக்கும் காணாமல் போயின, ஆளுக்கு ஆள் மட்டும் மாறினார்கள். கொடுக்க வேண்டியவர் அவசரத்தில் இருக்கும்போது வாங்குகிறவர் கடைசி நிமிஷத்தில் எதை எடுத்துவிடுவார் என்பதற்கு இதுவே அளவு.