முதல் பெல்ட் கிரைண்டர்: 1×30 வாங்கலாமா, 2×72 கட்டலாமா?

கேள்வி:
3 மி.மீ. இஎன்45 (ஸ்பிரிங் ஸ்டீல்) பட்டையில் சமையல் கத்தி செய்யப் போகிறேன், அலகின் அகலம் 45 மி.மீ. வீட்டில் சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான். ரெடிமேடாக வரும் 1×30 இன்ச் மெஷின் (1 இன்ச் அகலம், 30 இன்ச் நீளமுள்ள உப்புத்தாள் பெல்ட் ஓடுவது) போதுமா? இல்லை, கைவசம் இருக்கும் 2 எச்பி, 1440 ஆர்பிஎம் த்ரீ ஃபேஸ் மோட்டாரில் 2×72 கட்டலாமா? விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கி, ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) போட்டால் ஓடும் என்கிறார் கடைக்காரர்.

பதில் 1:
1×30 கத்தி தீட்டவும் பிடியைத் தேய்க்கவும் சரி. மோட்டார் பெரும்பாலும் அரை எச்பிக்கும் கீழே, சொரசொரப்பான 36 கிரிட் பெல்ட் போட்டு அழுத்தினால் நின்றுவிடும். ஒரு இன்ச் பெல்ட்டில் அலகின் 45 மி.மீ. சரிவை ஒரே தளமாக எடுப்பதும் சிரமம். வரிவரியாகப் பள்ளம் விழும். 2×72 கட்டுங்கள்.

பதில் 2:
ஓடுவது வேறு, இழுப்பது வேறு அண்ணே. முதலில் மோட்டாரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் விஎஃப்டி அதிகபட்சம் 230 வோல்ட்தான் வெளியே தரும். நம்மூர் 2 எச்பி மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் (மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாக முடிச்சிட்ட) கனெக்‌ஷன். அப்படியே மாட்டினால் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். டெல்டாவுக்கு (காயில்களை முக்கோணமாக இணைப்பது) மாற்றினால் முழு இழுவை கிடைக்கும். அப்போது கரண்ட் சுமார் 6 ஆம்பியர், எனவே 1.5 கிலோவாட், 7 ஆம்பியர் விஎஃப்டி எடுங்கள். அதற்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்காதீர்கள், லோடில் அணைத்தால் விஎஃப்டி போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
415 ஸ்டார்தான். டெர்மினல் பாக்ஸில் மூன்று ஒயர்தான் இருக்கிறது. பெல்ட்டை ஓட்ட மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் டிரைவ் வீல் எத்தனை இன்ச் போடலாம்?

பதில் 2:
அப்படியென்றால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே கட்டியிருக்கிறது. காயில் கட்டும் கடையில் அதைப் பிரித்து ஆறு ஒயராக வெளியே எடுத்துத் தருவார்கள். வார்னிஷ் இறுகிய பழைய காயில் என்றால் பிரிக்கும்போது கம்பி ஒடியும். அதற்குப் புது 2880 ஆர்பிஎம் மோட்டாரே மேல். ஃபேன் கவருடன் முழுக்க மூடிய பாடியாக வாங்குங்கள், இரும்புத்தூள் உள்ளே போகக்கூடாது.

வீல் கணக்கு: 2880-க்கு 4 இன்ச் போட்டால் பெல்ட் வேகம் நொடிக்கு 15 மீட்டர், 5 இன்ச் போட்டால் 19. உங்கள் 1440-க்கு 6 இன்ச் போட்டாலும் 11.5தான். விஎஃப்டியில் 80 ஹெர்ட்ஸ் வைத்தால் 18 வரும், ஆனால் 50-க்கு மேலே போகப் போக இழுவை குறையும். வீலை லேத்தில் கடையும்போது ஷாஃப்ட் சாவிக்கும் (வீல் ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) காடி வெட்டச் சொல்லுங்கள். பெல்ட்டை நடுவில் ஓட வைக்கும் டிராக்கிங் வீலின் நடு லேசாக மேடாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பெல்ட் ஓரமாக ஓடிக் கழன்றுவிடும்.

பதில் 1:
ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) முடிந்த கத்தியைத் தேய்க்கும்போது வேகத்தைச் சரிபாதிக்குக் கீழே குறைத்து, புது பெல்ட் போடுங்கள். மழுங்கிய பெல்ட் வெட்டாது, சூடாக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். முனை நீலமானால் சூடு 300 டிகிரியை நெருங்கிவிட்டது, அந்த இடத்தில் கடினம் போச்சு. கையுறை வேண்டாம், பெல்ட் இழுத்துக்கொள்ளும். இரும்பு தேய்க்கும்போது மரத்தூள் பையை மாட்டாதீர்கள், பொறி விழுந்து புகையும்.