பிரிட்டிஷ் நடிகர் பீட் பாஸில்த்வெயிட்டை ஹாலிவுட் வீணடிச்சுதா இல்லையா?

கடைசிபெஞ்ச்: 2011ல அவர் இறந்ததுல இருந்து ஆளாளுக்கு லெஜண்ட்னு எழுதுறாங்க, ஆனா அந்த லெஜண்டுக்கு ஹாலிவுட் என்ன குடுத்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. 1993ல ‘இன் த நேம் ஆஃப் த ஃபாதர்’ல செய்யாத குத்தத்துக்கு ஜெயிலுக்குப் போற அப்பாவா நடிச்சு ஆஸ்கார் நாமினேஷன் வரைக்கும் போனாரு. மகனா நடிச்ச டேனியல் டே லூயிஸ விட நெஜத்துல 11 வயசுதான் பெரியவரு, ஆனா படத்துல நமக்கு அந்த சந்தேகமே வராது. அப்புறம்? டைனோசர் வேட்டைக்காரன், வக்கீல், ‘இன்செப்ஷன்’ல சாகக் கெடக்குற அப்பா. இதுக்கா?

ரீல்பெட்டி: டைனோசர்னு சாதாரணமா சொல்லிட்டீங்களே, ஜுராசிக் பார்க் ரெண்டாம் பாகம் ‘லாஸ்ட் வேர்ல்ட்’ல மனுஷனா தெரியிற ஒரே ஆளு அந்த வேட்டைக்காரன்தான். டி ரெக்ஸ புடிச்ச பிறகும் அவன் மூஞ்சில சந்தோஷமே இருக்காது, ஏன்னா கூட வந்த கூட்டாளி செத்துட்டான். அத மூஞ்சியிலயே காட்டிட்டாரு. உலகத்துலயே சிறந்த நடிகர்னு அந்தப் பட டைரக்டர் ஸ்பீல்பெர்க் சும்மாவா சொன்னாரு?

கடைசிபெஞ்ச்: அதுக்கு பீட்டே அடிச்ச ஜோக் தெரியுமா? ‘தான்தான் உலகத்துலயே சிறந்த நடிகன்னு பீட் நெனைக்கிறான்’னுதான் ஸ்பீல்பெர்க் சொல்லிருப்பாருன்னாரு. சரி, அவ்ளோ சிறந்த நடிகர்னா ஒரு படத்துக்காவது ஹீரோவா போட்டிருக்கலாம்ல?

மழைக்காலம்: ரெண்டு பேரும் ஹாலிவுட்டையே புடிச்சு தொங்குறீங்க. அவர் லிவர்பூல் எவ்ரிமேன் தியேட்டர்ல ஜூலி வால்டர்ஸ், பில் நை மாதிரி நடிகர்கள் கூடல்லாம் சேந்து வளந்த ஆளு, 2008ல அதே ஊர்ல ஷேக்ஸ்பியர் நாடகத்துல கிங் லியரா நிக்குறதுக்குத் திரும்பி வந்தாரு. டிவியில ‘ஷார்ப்’ சீரிஸ்ல ஹேக்ஸ்வில்னு ஒரு சார்ஜென்ட், கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும், தொப்பிய கழட்டி உள்ள பாத்து அம்மாகிட்ட பேசுவான், சிரிக்கிறதா பயப்படுறதான்னே தெரியாது. ‘டிஸ்டன்ட் வாய்சஸ்’ல குடும்பத்தையே நடுங்க வைக்கிற அப்பா. ஹீரோ வேணும்னா ‘பிராஸ்டு ஆஃப்’ 1996 பாருங்க, யார்க்‌ஷயர்ல நிலக்கரிச் சுரங்கத்த மூடப்போறாங்க, சுரங்கத் தொழிலாளிங்க பேண்டுக்கு நுரையீரல் போன மாஸ்டரா லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ஜெயிச்ச கோப்பைய வேணாம்னு சொல்லிட்டு பேசுவாரு பாருங்க, இசை முக்கியம்னு நெனைச்சேன், மனுஷங்களுக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமேயில்லங்கிற மாதிரி.

கடைசிபெஞ்ச்: நீங்க சொன்னது எல்லாமே பிரிட்டன்காரங்க பண்ணது. நான் சொன்னதுக்கு சாட்சி சொல்லிட்டுப் போறீங்க, நன்றி 😀

ரீல்பெட்டி: அப்ப 2010ல வந்த ‘த டவுன்’? பாஸ்டன்ல பூக்கடை வச்சிருக்குற தாதா. ரோஜாச் செடி காம்ப நறுக்கிக்கிட்டே பென் அஃப்லெக்க மெரட்டுறது, அதுவும் அவனோட அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லி... குரல ஒசத்தவே மாட்டாரு. இறந்த பிறகு பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டாவுக்கு நாமினேஷன் வந்துச்சு. நாலஞ்சு சீன்ல இவ்ளோ பண்றவருக்கு ரெண்டரை மணிநேரம் எதுக்குங்க?

மழைக்காலம்: ஆனா அந்தப் படம் முடிஞ்சப்புறம் எனக்கு அஃப்லெக் பேரு மறந்துபோச்சு, பூக்கடைக்காரன் மறக்கல.

கடைசிபெஞ்ச்: அதான் சார் எரிச்சலே. மறக்க முடியாத ஆளுக்கு நாலு சீன், மறந்துபோற ஆளுக்கு முழுப்படம். இத வீணடிக்கலன்னா வேற எத வீணடிக்கிறதுன்னு சொல்றது?