புதுப்பிப்பு: மட் மின்னஞ்சலில் கசியும் விவரங்கள்

மட் (Mutt) என்ற மின்னஞ்சல் மென்பொருள் வழியாக அனுப்பும் அஞ்சலின் தலைப்பு வரிகளில் (அஞ்சலோடு சேர்ந்து போகும் ஹெடர் விவரங்களில்) நம்மைப் பற்றி என்னென்ன வெளியே போகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலவரம் இது.

முதலில் யூசர் ஏஜென்ட் வரியை நிறுத்தினேன். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பது இனி போகாது. அது சுலபம்.

நான் அதிகம் யோசித்தது தேதி வரியைப் பற்றித்தான். அதில் +0800 (உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால்) என்று நேர வலயமும் சேர்ந்தே போகிறது. சிங்கப்பூரில் இருக்கும்வரை பெரிய கவலையில்லை. கோலாலம்பூர், ஹாங்காங், பெர்த் எல்லாம் அதே வலயம்தான். ஆனால் தீபாவளிக்குச் சென்னை போய் மடிக்கணினியின் நேர வலயத்தை மாற்றினால் அது +0530 ஆகிவிடும். ஊரில் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது என்று நாமே சொன்னதுபோல! லோக்கல்_டேட்_ஹெடர் என்ற அமைப்பை ‘நோ’ என்று வைத்தால் யுடிசி எனும் உலகப் பொது நேரம் மட்டுமே போகும். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன்.

அப்புறம், சில அஞ்சல் சேவைகள் அஞ்சல் கடந்து வந்த வழியைக் காட்டும் ரிசீவ்டு வரியில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு இணைய இணைப்பின் ஐபி முகவரியையும் எழுதிவிடுகின்றன. அது சர்வரில் நடப்பது, மட் அமைப்பால் தடுக்க முடியாது. அதனால் அப்படி எழுதாத சேவைக்கு மாறிக்கொண்டிருக்கிறேன்.