பூங்கா யாருடையது? டப்ளின், லிவர்மோர் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் டப்ளினுக்கு வந்து இரண்டு மாதமான சகோதரி ஒருவர், மகனின் முதல் பிறந்தநாளுக்குப் பூங்காவில் கொட்டகை எடுக்க வேண்டும் என்றும், டப்ளினில் எடுத்தாலும் லிவர்மோரில் எடுத்தாலும் இரண்டும் சிட்டியின் பூங்காக்கள்தானே, விதிகள் ஒன்றாகத்தானே இருக்கும் என்றும் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே மாதிரி அல்ல. டப்ளினில் பூங்காக்கள் நகர நிர்வாகத்திடம் இருக்கின்றன. சிவா விஷ்ணு கோயில் இருக்கும் லிவர்மோரில் பெரும்பாலான பூங்காக்களையும் பொழுதுபோக்கு வகுப்புகளையும் நடத்துவது நகர மன்றம் அல்ல, தனியாகத் தேர்தல் நடத்தி இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட். இந்த வேறுபாடு கட்டணத்திலும் முன்பதிவிலும் சொத்துவரி பில்லிலும் வந்து நிற்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிஸ்ட்ரிக்ட் என்றதும் நமக்குக் கலெக்டர் அலுவலகம் நினைவுக்கு வரும். இங்கே அந்த இடத்தில் இருப்பது கவுண்டி. ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் என்பது தண்ணீர், தீயணைப்பு, பூங்கா, கொசு ஒழிப்பு என்று ஒன்றிரண்டு வேலைகளுக்காகவே சட்டப்படி அமைக்கப்பட்ட தனி உள்ளாட்சி. சென்னையில் இருந்தவர்களுக்கு மெட்ரோ வாட்டரைச் சொன்னால் எளிதில் புரியும்: மாநகராட்சி வேறு, குடிநீர் வாரியம் வேறு. ஆனால் மெட்ரோ வாட்டருக்கு நாம் யாரும் ஓட்டுப் போடுவதில்லை. இங்கே பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களின் நிர்வாகக் குழுவுக்கு மக்களே வாக்களிக்கிறார்கள், பல டிஸ்ட்ரிக்ட்களுக்குச் சொத்துவரியில் ஒரு பங்கும் உண்டு.

டப்ளினின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1953-இல், டப்ளினும் சான் ரமோனும் இன்னும் நகரங்களாகாதபோது, பார்க்ஸ் கம்யூனிட்டி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு உருவானது. பெயரைப் பார்த்துப் பூங்காவுக்காகத் தொடங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்தில் இருந்த கேம்ப் பார்க்ஸ் என்ற இராணுவ முகாமின் பெயர் அது. 1960-களில் வீடுகள் வரிசை வரிசையாக எழும்பியபோது, குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு, பூங்கா என்று ஊருக்கு வேண்டிய பலவற்றையும் அந்த அமைப்புதான் பார்த்துக்கொண்டது. அதன் பெயர் பின்னர் வேலி கம்யூனிட்டி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட் என்றும், அதன்பின் இன்று உங்கள் தண்ணீர் பில்லில் பார்க்கும் டப்ளின் சான் ரமோன் சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட் என்றும் மாறியது. டப்ளின் 1982-லும் சான் ரமோன் 1983-லும் நகரங்களாயின. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே பூங்காவும் பொழுதுபோக்கும் டிஸ்ட்ரிக்ட்டின் கையிலிருந்து நகர நிர்வாகத்துக்கு மாறின. தண்ணீரும் கழிவுநீரும் மட்டும் இன்றுவரை டிஸ்ட்ரிக்ட்டிடமே இருக்கின்றன.

ஏன் பூங்கா மட்டும் எளிதாகக் கைமாறியது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். டப்ளின் அலமேடா கவுண்டியில் இருக்கிறது, சான் ரமோன் கான்ட்ரா காஸ்டா கவுண்டியில் இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் இரண்டு கவுண்டிகளிலும் பரந்து கிடக்கிறது. பூங்கா என்பது வேலிக்குள் அடங்கும் ஒரு துண்டு நிலம். அது எந்த நகர எல்லைக்குள் இருக்கிறதோ அந்த நகரத்துக்குக் கொடுத்துவிட முடியும். பூமிக்கடியில் ஓடும் குழாயையும் ஒரே இடத்தில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தையும் நகர எல்லைக் கோட்டில் அப்படி வெட்டிப் பிரிக்க முடியாது. தவிர, புதிதாகப் பிறந்த நகரம் தன் இருப்பை மக்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் பூங்காவைவிட நல்ல இடம் கிடையாது; கழிவுநீர்க் குழாயைத் திறந்துவைத்து ரிப்பன் வெட்டினால் படம் எடுக்க யார் வருவார்கள்?

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. லிவர்மோர் 1876-லேயே நகரமாகிவிட்டது. ஆனால் 1947-இல் அமைந்த லிவர்மோர் ஏரியா ரெக்ரியேஷன் அண்டு பார்க் டிஸ்ட்ரிக்ட்தான் இன்றும் அங்கே பூங்காக்களை நடத்துகிறது. ஹேவர்டிலும் 1944 முதல் அப்படித்தான். சாக்ரமென்டோ பக்கம் எல்க் குரோவுக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர்களும் கவனிக்கவும்: அது 2000-இல் நகரமான பிறகும் பூங்காக்கள் கோசும்னெஸ் கம்யூனிட்டி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட்டிடமே இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே, 1934-இல் அமைக்கப்பட்டு, இன்று அலமேடா, கான்ட்ரா காஸ்டா ஆகிய இரண்டு கவுண்டிகளுக்கும் பொதுவாக இருக்கும் ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட் என்ற இன்னோர் அடுக்கும் உண்டு. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் அயர்ன் ஹார்ஸ் பாதை அவர்கள் நடத்துவது.

வந்த முதல் ஆண்டில், வேறோர் ஊரில் குடியிருந்தபோது, நான் செய்த தவறைச் சொல்கிறேன். நகரத்தின் இணையதளத்தில் அந்தப் பூங்காவின் கொட்டகை முன்பதிவுப் பட்டியலில் இல்லை. ஆகவே முதலில் வருபவருக்கே இடம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, நாற்பது பேரை அழைத்து, இட்லியும் சாம்பாரும் ஹாட்பாக்கில் கட்டிக்கொண்டு போய் மேசை விரித்துவிட்டோம். பத்தரை மணிக்கு இன்னொரு குடும்பம் பலூன்களோடு வந்தது. கொட்டகைத் தூணில் பிளாஸ்டிக் உறைக்குள் அவர்களின் அனுமதிச் சீட்டு ஒட்டப்பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதன் தலைப்பில் நகரத்தின் பெயருக்குப் பதில் ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் பெயர் இருந்தது. அதன்பின் சாம்பார் பாத்திரத்தை வெயிலில் புல்வெளியில் வைத்துத்தான் பரிமாறினோம். அன்றிலிருந்து, எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வாசலில் இருக்கும் பலகையின் அடியில் யாருடைய சின்னம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

உள்ளூர்வாசிக் கட்டணம், அதாவது உள்ளூரில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம், இதைவிட நுட்பமான விஷயம். நகரம் நடத்தும் பூங்காவில் உள்ளூர்வாசி என்றால் நகர எல்லைக்குள் வசிப்பவர். டிஸ்ட்ரிக்ட் நடத்துவதில் டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள் வசிப்பவர், அந்த எல்லை நகரத்தைத் தாண்டியும் போகலாம். டப்ளினில் பலர் தண்ணீர் பில்லைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அதே டிஸ்ட்ரிக்ட்தான் சான் ரமோனைச் சேர்ந்த டஹர்ட்டி வேலி என்ற பகுதிக்கும் தண்ணீர் கொடுக்கிறது. ஆகையால் பில்லின் தலைப்பில் டப்ளின் என்று இருப்பது மட்டும் நீங்கள் டப்ளின்வாசி என்பதற்கு ஆதாரம் ஆகாது. பில்லில் உள்ள முகவரிதான் பேசும். குத்தகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவரும் முழு உள்ளூர்வாசிதான், தயங்க வேண்டாம்.

இனி, நீங்கள் குடியிருக்கும் ஊரில் டிஸ்ட்ரிக்ட்டிடமிருந்து பூங்காக்களை நகரம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று செய்தி வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். இரண்டு தரப்பும் கைகுலுக்கிவிட்டால் முடிந்துவிடாது. கலிஃபோர்னியாவின் ஒவ்வொரு கவுண்டியிலும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த லாஃப்கோ என்ற ஆணையம் இருக்கிறது. உள்ளாட்சி எல்லைகளையும் அமைப்புகளையும் மாற்றுவதற்கு அதன் ஒப்புதல் வேண்டும். டிஸ்ட்ரிக்ட் முழுவதும் நகரத்துக்குள் இருந்தால் அதனோடு இணைத்துவிடலாம். பரப்பிலும் பதிவுபெற்ற வாக்காளர்களிலும் குறைந்தது 70 சதவீதம் நகரத்துக்குள் இருந்தால், டிஸ்ட்ரிக்ட்டைக் கலைக்காமலேயே நகர மன்றத்தை அதன் நிர்வாகக் குழுவாக்கிவிடவும் வழி உண்டு. பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், நாற்காலியில் உட்காருபவர்கள் மாறுவார்கள்.

பேச்சுவார்த்தை பெரும்பாலும் முட்டி நிற்பது வரிப்பங்கில்தான். 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய புரப்போசிஷன் 13 என்ற சட்டத்திருத்தத்தின்படி அடிப்படைச் சொத்துவரி மதிப்பீட்டில் ஒரு சதவீதத்துக்கு மேல் போக முடியாது. அந்த ஒரு சதவீதத்தைப் பள்ளி, கவுண்டி, நகரம், டிஸ்ட்ரிக்ட் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. நகரம் பூங்காவை எடுத்துக்கொண்டால் டிஸ்ட்ரிக்ட்டின் பங்கு எவ்வளவு கூடவே வரும் என்பதைப் பேசி முடிக்காமல் விண்ணப்பம் நகராது. வேலை வந்து, பணம் முழுமையாக வராவிட்டால், பள்ளத்தை நிரப்பப் பெரும்பாலும் கைவைப்பது நகரத்தின் பொது நிதியிலும் பயனர் கட்டணத்திலும்தான். பயனர் கட்டணம் என்றால் உங்கள் மகளின் நீச்சல் வகுப்பு. ஊழியர்களின் ஓய்வூதியப் பொறுப்பு, பழைய கடன், பூங்காவாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வாங்கிய நிலங்கள் ஆகியவற்றையும் புதிய நிர்வாகம் சேர்த்தே ஏற்க வேண்டும். சொந்த வீடு வாங்கியவர்கள் சொத்துவரி பில்லின் கீழ்ப்பகுதியில் தனித்தனியாக வரும் கட்டணங்களை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். நிர்வாகம் மாறியதாலேயே அந்தக் கட்டணங்கள் தாமாக மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

நாம் விசாவில் இருப்பவர்கள், நமக்கென்ன என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் உள்ளாட்சிக் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பிரவுன் சட்டத்தின்படி, நகர மன்றமோ டிஸ்ட்ரிக்ட்டோ வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள், பெயரைச் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. லாஃப்கோ ஒப்புதல் தந்த பிறகு நடக்கும் எதிர்ப்புக் கட்டத்தில், பொதுவாக வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் எழுத்து மூலம் எதிர்த்தால் தேர்தல் நடத்த வேண்டும். நில உரிமையாளர்களுக்கும் அதே போன்ற எதிர்ப்பு உரிமை இருக்கிறது. வீடு உங்கள் பெயரில் இருந்தால், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், நீங்கள் நில உரிமையாளர்தான்.

பிறந்தநாள் கேட்ட சகோதரிக்கு: டப்ளினில் எமரால்டு க்ளென் பூங்காவை நகரத்தின் முன்பதிவுப் பக்கத்தில் தேடுங்கள், லிவர்மோர் என்றால் டிஸ்ட்ரிக்ட்டின் பக்கத்தில் தேடுங்கள், லிவர்மோரில் நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் இரண்டு கட்டணங்களையும் ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள். அனுமதிச் சீட்டை அச்செடுத்து, செலோ டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு, காலையிலேயே ஒருவரை அனுப்பித் தூணில் ஒட்டச் சொல்லிவிடுங்கள்.