பையனோட ஐக்யூ 96ஆ 132ஆ? ரிப்போர்ட் தலையும் புரியல வாலும் புரியல

குழப்பத்தில்_அம்மா
பையனுக்கு எட்டு வயசு. கிளாஸ்ல எல்லாரும் நோட்ட மூடி வைக்கிறப்ப இவன் பாதி பக்கத்துலதான் இருக்கான்னு டீச்சர் சொல்லிச் சொல்லி கடைசில ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வெக்ஸ்லர்னு ஐக்யூ டெஸ்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேல தனியா உக்கார வச்சு எடுத்தாங்க. ரிப்போர்ட்ல ஐக்யூ 96, பக்கத்துல 90–102ன்னு ஏதோ ரேஞ்ச், அப்புறம் பெர்சென்டைல் 39ன்னு போட்ருக்கு. 39ன்னா பாதி மார்க் கூட இல்லையேன்னு எனக்கு அன்னிக்கு சோறே இறங்கல. வீட்ல சும்மா இருக்காம ஆன்லைன்ல ஒரு ஃப்ரீ டெஸ்ட் போட வச்சா 132 வருது. இதுல எது நெஜம்?

அளவுகோல்
மொதல்ல அந்த 39அ மார்க்கா பாக்காதீங்க மேடம், நான் இந்த வேலைலதான் இருக்கேன், பாதி பேரண்ட்ஸ் இங்கதான் பயந்துபோறாங்க. அவன் வயசுப் பசங்க நூறு பேர வரிசைல நிறுத்துனா சுமார் 39 பேர் இவன் அளவோ இவனுக்குக் கீழயோ இருப்பாங்க, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். இந்த டெஸ்ட்ல சராசரி 100, திட்ட விலக்கம், அதாவது சராசரிலேர்ந்து ஸ்கோர்லாம் எவ்ளோ பரவிருக்குங்கற அளவு, 15ன்னு வச்சிருக்காங்க, அதனால மூணுல ரெண்டு பங்கு பேர் 85க்கும் 115க்கும் நடுவுலதான் வருவாங்க, உங்க பையன் அதுக்குள்ள நல்லாவே இருக்கான்.

90–102ங்கறதுதான் ரிப்போர்ட்லயே நேர்மையான வரி. எந்த டெஸ்ட்லயும் கொஞ்சம் பிழை இருக்கும், தூக்கம் பத்தல, பசி, புது ஆளப் பாத்த கூச்சம்னு எவ்ளோவோ. அதனால 96ன்னு ஒத்தை நம்பர புடிச்சிக்காம இந்த எல்லைக்குள்ள இருக்கான்னு படிக்கணும்.

ஆன்லைன் 132அ மறந்துடுங்க. யார் யார் எடுத்தாங்க, என்ன வயசு, யாரோட ஒப்பிட்டு அந்த நம்பர் வந்துச்சுன்னு தெரியாம 132க்கு மதிப்பே இல்ல. நார்ம்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பாக்க அதே வயசுப் பசங்களோட ஸ்கோர், இல்லாத டெஸ்ட் வெறும் புதிர்ப் போட்டிதான்.

சும்மா_ஒருத்தன்
எல்லாம் ஜோசியம் மாதிரிதான் சிஸ்டர். ஃபோரர்னு ஒரு புரொஃபசர் 1948ல கிளாஸ்ல 39 பேருக்கு பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சு எல்லார்கிட்டயும் ஒரே பேப்பரத்தான் ரிசல்ட்டுன்னு குடுத்தார், அத வாங்குனவங்க என்னய பத்தி அப்படியே எழுதிருக்குன்னு அஞ்சுக்கு 4.26 போட்டாங்க.

எம்ஏ_ரெண்டாம்_வருஷம்
ப்ரோ அந்தக் கதைல அவர் காட்டுனதே டெஸ்ட் எடுத்தவனுக்குப் புடிச்சிருந்தா அது சரியான டெஸ்ட்னு ஆகாதுங்கறதத்தான், அதுக்காக எல்லா டெஸ்ட்டையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க. எனக்கு அடுத்த வாரம் எக்ஸாம், அதனால ரெவிஷன் மாதிரி சொல்றேன். இஞ்ச் டேப்பால தலைச் சுற்றளவ எத்தன தடவ அளந்தாலும் அதே அளவுதான் வரும், அது நம்பகத்தன்மை. ஆனா அத வச்சு இவன் புத்திசாலின்னு சொன்னா சிரிப்பாங்கல்ல, அங்க ஏற்புடைமை இல்ல, அதாவது எத அளக்கறேன்னு சொல்றோமோ அத அது அளக்கல. கால்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1884ல லண்டன் கண்காட்சில கிட்டத்தட்ட இததான் செஞ்சார், கைப்பிடி பலம், ரியாக்ஷன் டைம்லாம் அளந்தார். 1901ல விஸ்லர்னு ஒரு ஆராய்ச்சியாளர் அந்த மாதிரி அளவுகளயும் காலேஜ் மார்க்கயும் ஒப்பிட்டுப் பாத்தார், ரெண்டுக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்ல. அப்புறம்தான் 1905ல பாரீஸ்ல பினே, சிமோன்னு ரெண்டு பேர் ரூட்ட மாத்தி பசங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு கேள்வி வச்சாங்க. அதுவும் எந்தப் பையனுக்கு ஸ்கூல்ல கூடுதல் உதவி வேணும்னு கண்டுபுடிக்க, முத்திரை குத்த இல்ல.

அளவுகோல்
தம்பி சொன்னது சரி. மேடம், உள்ள தனித்தனி ஸ்கோர் இருக்கும், அதப் போடுங்க.

குழப்பத்தில்_அம்மா
மொழிப் புரிதல் 114, மத்ததெல்லாம் 95, 100ன்னு இருக்கு, வேகம்னு ஒண்ணு மட்டும் 80.

அளவுகோல்
இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா நான் 96 பத்தி பேசிருக்கவே மாட்டேன். 114க்கும் 80க்கும் 34 பாயிண்ட் வித்தியாசம், இதயெல்லாம் கலந்து வர்ற மொத்த நம்பர் பையனப் பத்தி பெருசா ஒண்ணும் சொல்லாது. அந்த வேகப் பகுதில ஒரு டெஸ்ட் இருக்கு, மேல எந்த எண்ணுக்கு எந்தக் குறின்னு பாத்து அந்தக் குறிய கட்டத்துக்குள்ள போட்டுட்டே போகணும், ரெண்டு நிமிஷம்தான். பென்சில் புடிக்கற கஷ்டம், கவனம் சிதர்றது, இல்ல அச்சு மாதிரி அழகா எழுதணும்ங்கற புடிவாதம், எதுனாலயும் ஸ்கோர் குறையும், நம்பர் மட்டும் எதுன்னு சொல்லாது. பையன் எப்படி செஞ்சான்னு கவனிச்சு எழுதுன பத்தி ரிப்போர்ட்ல இருக்கணும், நல்லா தேடுங்க. அதே டெஸ்ட்ட உடனே திரும்ப எடுக்காதீங்க, பழக்கத்துலயே ஸ்கோர் ஏறும்.

குழப்பத்தில்_அம்மா
இருக்கு சார், மூணாவது பக்கத்துல. "ஒவ்வொரு குறியையும் கோட்டில் படாமல் கட்டத்தின் நடுவில் வரைந்தான், நேரம் முடிந்ததும் அழி ரப்பர் கேட்டான்"னு எழுதிருக்காங்க. அவன கூப்ட்டு ஏன்டா அப்படி மெதுவா போட்டேன்னு கேட்டேன், கோணலா போட்டா தப்புன்னு அடிச்சிடுவாங்கல்லம்மான்னான்.

அளவுகோல்
அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து டீச்சர்கிட்ட குடுங்க.