தம்பியைப் பல் தேய்க்க, குளிக்க மறுபடி பழக்குவது எப்படி?

அல்சூர் அக்கா:
தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய், முப்பது வயது தாண்டிவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போகிறது, காதில் கேட்ட குரல்களும் அடங்கிவிட்டன, ஆனால் யாராவது சொல்லாமல் பல்கூடத் தேய்ப்பதில்லை. அம்மா காலை முழுக்கத் திட்டிக்கொண்டே இருக்கிறார். குளித்தால் டோக்கன், டோக்கன் சேர்ந்தால் பிடித்ததை வாங்கலாம் என்று ஒரு முறை இருக்கிறதாமே, வளர்ந்த ஆளுக்குச் சரிவருமா? லஞ்சம் மாதிரி ஆகிவிடாதா?

ஜெயநகர் மறுவாழ்வுப் பணியாளர்:
அது சோம்பேறித்தனம் இல்லைங்க. எதையும் செய்யத் தோன்றாமல் போவது இந்த நோயோடு வருவது, குரல்களை அடக்கும் மாத்திரைக்கு இது அவ்வளவாகக் கட்டுப்படாது. உழைத்துச் சம்பளம் வாங்குவது லஞ்சமா? 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அன்னா அரசு மருத்துவமனையில், அயிலான், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் டோக்கன் முறையை நடத்திப் பார்த்ததே வருடக்கணக்காக வார்டில் இருந்த பெரியவர்களிடம்தான். காரியம் முடிந்த கையோடு டோக்கன் கைக்கு வரவேண்டும். சாயங்காலம் தருகிறேன் என்றால் எதற்காகக் கிடைத்தது என்பது மனதில் ஒட்டாது. அதற்கு என்ன வாங்குவது என்று தம்பியே சொல்லட்டும்.

மடிவாளா அம்மா:
என் மகனுக்கு டோக்கனைவிட, தப்பே வராமல் சொல்லிக்கொடுத்ததுதான் கைகொடுத்தது. 'போய்க் குளி' என்பதற்குள் எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள்: துண்டு எடுக்கணும், கீசர் போடணும், வாளி நிரப்பணும். எல்லாவற்றுக்கும் கூட நின்று, கடைசி வேலையை மட்டும் அவனிடம் விட்டேன், அப்புறம் கடைசி இரண்டை. தடுமாறும் முன்பே எடுத்துக்கொடுத்துவிடுங்கள், கவனமும் ஞாபகமும் தளர்ந்திருக்கும்போது செய்த தப்பே படிந்துவிடும். பிரஷ்ஷைக் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தேன், இப்போது டம்ளரைப் பார்த்தாலே பிரஷ்ஷுக்குக் கை போகிறது.

அல்சூர் அக்கா:
டம்ளர் யோசனை நல்லா இருக்குங்க. பல் தேய்க்காவிட்டால் காபி கிடையாது என்று சொல்லிவிடலாமா?

ஜெயநகர் மறுவாழ்வுப் பணியாளர்:
தயவுசெய்து வேண்டாம். சாப்பாடும் காபியும் படுக்கையும் அவருக்கு உரியவை. அந்தக் காலத்தில் சில வார்டுகளில் சாப்பாட்டுக்கே டோக்கன் கேட்டார்கள், படிக்கவே மனம் வலிக்கும். நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் கண்ணியத்தோடு வாழ்வதை உரிமை என்கிறது. லால்பாக் பூங்கா போய் வருவது, வெளியே ஒரு மசால் தோசை, இப்படிக் கூடுதலாகக் கிடைப்பதை மட்டும் டோக்கனுக்கு வையுங்கள். நம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது, பேக்கரி வேலையெல்லாம் பழக்குகிறார்கள், டாக்டரிடம் கேட்டு அழைத்துப் போங்கள். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு பழக்கம்தான். இப்போதைக்குப் பல் மட்டும், அது நிலைத்த பிறகு குளியல்.