ரேடியோ ஸ்கேனரில் ஒரே இரைச்சல், சத்தம் கூட்டினால் தானே அணைந்து எழுகிறது: அடாப்டர் கோளாறா, ஆன்டெனா கோளாறா?

மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர் ஒருவர் மூலம் பழைய மேசை ஸ்கேனர் (அலைவரிசைகளைத் தானே தேடி, பேச்சு வரும் இடத்தில் நிற்கும் ரேடியோ) ஒன்று கைக்கு வந்தது. அட்டைப்பெட்டி இல்லை, அடாப்டர் இல்லை, கையேட்டில் பாதிப் பக்கம் இல்லை. பின்னால் 13.8 வோல்ட் டிசி, 750 மில்லியாம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது, நடுப்புள்ளி பிளஸ் என்று காட்டும் படமும் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டர் அடாப்டரை எடுத்துச் செருகிவிட்டேன். அது 12 வோல்ட், 0.5 ஆம்பியர். அதற்கும் நடுவில் பிளஸ்தான், அதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் செருகினேன்.

இரண்டு தொல்லை. ஒன்று, சத்தத்தைப் பாதிக்கு மேல் திருப்பினால் திரை மங்கி, 'டக்' என்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழுகிறது. யாராவது பேசும்போதுதான் இப்படி, பேசாதபோது ஒன்றும் ஆவதில்லை. இரண்டாவது, விமானப் பேச்சு கேட்கத்தான் இதை வாங்கினேன், ஆனால் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே 'கர்ர்ர்'. தேட விட்டால் யாருமே பேசாத நாலு இடத்தில் போய் நின்றுகொள்கிறது. ஸ்குவெல்ச்சை (பலவீனமான சிக்னல் வரும்போது ஒலியை அடைத்துவைக்கும் குமிழ்) கூட்டினால் இரைச்சல் போகிறது, கூடவே விமானமும் போய்விடுகிறது. ஆன்டெனா என்று பார்த்தால் பின்னால் இழுத்து நீட்டும் கம்பி ஒன்றுதான். இடம், கணினிக்குப் பக்கத்தில் மேசை மேல்.

ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் வைத்த ஆன்டெனா வாங்கினால் சரியாகுமா? எதை வாங்குவது?

புதுவரவு:

அடாப்டரில் ஒன்றும் இல்லை, 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்தானே. ஆன்டெனாவை மாற்றுங்கள்.

செம்புச்சுருள்:

தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயருக்கு எது பேச்சு, எது இரைச்சல் என்று தெரியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். உங்கள் வீட்டுக்குள்ளேயே இரைச்சல் உற்பத்தி ஆகிறது என்று சந்தேகப்படுகிறேன், அப்படியானால் அதை வாங்கி மாட்டிய பிறகு இன்னும் பெரிய 'கர்ர்ர்' கேட்கும், அவ்வளவுதான்.

புதுவரவுக்கும் ஒரு வார்த்தை. அடாப்டர் மேல் அச்சிட்ட வோல்டேஜ் அது சொல்லும் ஆம்பியர் வரைக்கும்தான். பெட்டி 750 மில்லியாம்பியர் கேட்கிறது, அடாப்டர் 500 தான் தருவேன் என்கிறது. பேச்சு வரும்போது ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர் கரன்ட்டை இழுக்கும், அந்த நேரம் வோல்டேஜ் சரியும், உள்ளே இருக்கும் புராசசர் பட்டினியாகி ரீசெட் ஆகும். திரை மங்கிய பிறகு அணைவது இதற்குத்தான். ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் ஆபத்து இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். குறைவாக இருந்தால்தான் வம்பு.

மல்டிமீட்டர் இருக்கிறதா? அடாப்டர் பெட்டியில் செருகியிருக்கும்போதே, சத்தம் வைத்தபடி அளந்து சொல்லுங்கள். செருகாமல் அளந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று, 13.8 வோல்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஞ்சின் ஓடும் வண்டியில் பேட்டரி ஏறத்தாழ அந்த வோல்டேஜில் இருக்கும், அதனால்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். பொதுவாக 12 வோல்ட்டிலும் இந்தப் பெட்டிகள் ஓடும். ஆனால் அது நிஜமான 12 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

மொட்டைமாடி:

மீட்டர் இருக்கிறது, ஆனால் செருகியிருக்கும்போது முனையை வைக்க இடமே இல்லையே அண்ணா?

செம்புச்சுருள்:

திருகு வைத்த டிசி கனெக்டர் என்று ஆண், பெண் ஒரு ஜோடி கிடைக்கும், கேமரா மாட்டுபவர்களிடம் கட்டாயம் இருக்கும். பெண் கனெக்டரில் அடாப்டரைச் செருகுங்கள், அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு சாண் வயர், மறுமுனையில் ஆண் கனெக்டர் பெட்டிக்குள். நடுவில் திருகு மேலேயே மீட்டரை வைக்கலாம். முதலில் பெட்டியில் செருகாமல் பிளஸ் மைனஸ் சரியா என்று ஒரு தடவை பாருங்கள், திருகும்போது மாறிவிடும், எனக்கு மாறியிருக்கிறது.

மொட்டைமாடி:

செய்தாயிற்று. பெட்டி இல்லாமல் 12.3. பெட்டியை ஆன் செய்து சத்தம் இல்லாமல் 11.6. சத்தத்தைக் கூட்டியதும் 10க்குக் கீழே போய், 9.7 தெரிந்த கணத்தில் அணைந்தது. தலைவணங்குகிறேன்.

ஆனால் ஒரு விசித்திரம். ரவுட்டர் அடாப்டரை நேராகப் பெட்டியில் செருகினால் பிளக் கொஞ்சம் ஆடும், லேசாகத் தட்டினாலே திரை சிமிட்டும். இந்தப் புதுக் கனெக்டர் கெட்டியாக உட்காருகிறது. இரண்டும் வெளியே பார்க்க ஒரே அளவுதான்.

இரவுக்காவல்:

வெளியே ஒரே அளவு, உள்ளே வேறு. இந்தப் பிளக்குகளில் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர்தான், உள்துளை மட்டும் 2.1, 2.5 என்று இரண்டு வகை. உங்கள் பெட்டியில் இருப்பது 2.1 ஊசி, ரவுட்டர் பிளக்கில் 2.5 துளை. உள்ளே போகும், ஆனால் ஊசியைப் பிடிக்காது, ஒரு பக்கம் சாய்ந்து தொட்டுக்கொண்டிருக்கும். எதிர்மாறாக இருந்தால் நுழையவே நுழையாது, அது எவ்வளவோ மேல். இந்த லொடலொடப்பே 'கரகர' சத்தத்தையும் கொடுக்கும், ரீசெட்டையும் கொடுக்கும். எத்தனை பேர் இதைக் கவனிக்காமல் பெட்டியைத் திறந்து சால்டரிங் அயர்னை எடுத்திருக்கிறார்கள் தெரியுமா.

செம்புச்சுருள்:

அருமையான கண். சரி, இப்போது முக்கியமான சோதனை. யுபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று எங்காவது கிடைத்தால் எடுத்து அதில் பெட்டியை ஓட்டுங்கள். பிளஸ் வயரில், பேட்டரி முனைக்கு ஒட்டியபடி ஒரு 2 ஆம்பியர் ஃபியூஸ் போடாமல் ஓட்ட வேண்டாம், சின்ன பேட்டரிதானே என்று நினைக்காதீர்கள், ஷார்ட் ஆனால் வயர் சிவந்து உருகும் அளவுக்கு அதில் கரன்ட் இருக்கிறது.

பேட்டரியில் ஓடும்போது வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள். பிறகு ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எந்த பிரேக்கரில் 'கர்ர்ர்' திரும்புகிறதோ அந்த அறைக்குப் போங்கள். ரவுட்டர் அடாப்டர், செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கின் டிரைவர், கணினி, எல்லாமே உள்ளுக்குள் வேகமாக ஆன் ஆஃப் ஆகும் சுவிட்சிங் சப்ளைதான். மலிவாகச் செய்ததில் ஃபில்டரை விட்டுவிடுவார்கள், அந்தச் சத்தம் வயர் வழியாகவும் காற்று வழியாகவும் பரவும். விமான அலைவரிசையில் பேச்சு ஏஎம் முறையில் வருவதால் இப்படிப்பட்ட இரைச்சல் நேராகக் காதில் விழும், எஃப்எம் ரிசீவர் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலி.

(கேட்கவே மறந்துவிட்டேன், பெட்டியில் மோடு ஏஎம்மில்தானே இருக்கிறது?)

மொட்டைமாடி:

ஏஎம்தான், அதை முதல் நாளே பார்த்துவிட்டேன்.

நேற்று இரவு வீட்டையே இருட்டாக்கிச் சோதித்தேன், வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பேட்டரி போட்டதுமே ரீசெட் சுத்தமாக இல்லை, சத்தம் முழுக்க வைத்தும் அசையவில்லை. இரைச்சல் பாதி குறைந்தது. மெயினை அணைத்ததும் மீதியும் அடங்கி, அந்த அமைதியில் ஒரு விமானி உயரம் சொல்வது அவ்வளவு தெளிவாகக் கேட்டது, இருட்டில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்கரைப் போட்டுக்கொண்டே வந்ததில் மாட்டியது மேசை விளக்கு. எல்இடி. ஸ்கேனருக்கு மேலேயே, முக்கால் அடி தூரத்தில், தினமும் அதன் வெளிச்சத்தில்தான் இந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தேடல் நின்ற நாலு இடத்தில் மூன்று மறைந்துவிட்டது. ஒன்று மட்டும் மெயின் அணைத்தும் போகவில்லை.

இரவுக்காவல்:

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் அது பெட்டியின் சொந்த ஆசிலேட்டரில் (உள்ளே அலையை உண்டாக்கும் சுற்று) பிறந்த சிக்னல், பேர்டி என்பார்கள். மருந்து கிடையாது, அந்த ஒரு அலைவரிசையை லாக்கவுட் செய்துவிட்டு, அதாவது தேடும்போது அதைத் தாண்டிப் போகச் சொல்லிவிட்டு, மறந்துவிடுங்கள்.

மொட்டைமாடி:

ஆமாம், கழற்றியும் நிற்கிறது. லாக்கவுட் செய்துவிட்டேன். இனி எந்த அடாப்டர் வாங்குவது? பேட்டரியிலேயே காலம் தள்ள முடியாதே.

செம்புச்சுருள்:

ரெகுலேட்டட் (சுமை மாறினாலும் வோல்டேஜ் மாறாதது) என்று போட்ட டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளை, 12 அல்லது 13.8 வோல்ட், 1 ஆம்பியருக்குக் குறையாமல். கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும், அந்தக் கனம் இரும்பும் செம்பும். பழைய ரெகுலேட்டட் இல்லாத அடாப்டரை மட்டும் தொடாதீர்கள், 12 என்று எழுதியிருக்கும், சுமை இல்லாமல் அளந்தால் 16, 17 காட்டும், கூடவே 'ம்ம்ம்' என்று ஹம் வரும்.

சுவிட்சிங் வகைதான் கிடைக்கிறது என்றால் நல்லதாக வாங்கி, பெட்டிப் பக்கமாக வயரில் ஒரு ஃபெரைட் கிளிப் (வயர் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள். 43 வகை ஃபெரைட் 25 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் என்று செய்தது, உங்களுக்குப் பொருந்தும். அதற்குள் வயரை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். பத்துச் சுற்றுச் சுற்றினால் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்து 120 மெகாஹெர்ட்ஸில் பலன் குறையத்தான் செய்யும்.

புதுவரவு:

சரி, நான் சொன்னது தப்புதான். ஆனால் ஆன்டெனாவும் முக்கியம்தானே?

இரவுக்காவல்:

முக்கியம்தான், ஆனால் முறை அதுவல்ல. வீட்டு இரைச்சலைக் குறைத்த பிறகு ஆன்டெனாவுக்குச் செய்யும் ஒவ்வொன்றும் காதில் தெரியும்.

மொட்டைமாடி, இப்போதிருக்கும் கம்பியை முழுக்க இழுத்து வைத்திருக்கிறீர்களா? 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 127க்கு 2.36 மீட்டர், அதில் கால்பங்கு 59 சென்டிமீட்டர், உலோகக் கம்பியில் கொஞ்சம் குறைத்து 56. அந்த நீளத்துக்கு இழுத்து, நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். விமானப் பேச்சு செங்குத்து போலரைசேஷன், அதாவது அலை மேலும் கீழுமாக அசைகிறது, கம்பியைப் படுக்கப் போட்டால் சிக்னல் நிறைய போய்விடும்.

அடுத்தது இடம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளினாலே வித்தியாசம் தெரியும். அங்கே வைக்க ஆன்டெனாவை நீங்களே செய்துவிடலாம்: எஸ்ஓ-239 எனும் ஆன்டெனா கேபிள் சாக்கெட் ஒன்று, தடிமனான செம்புக் கம்பி ஐந்து துண்டு. நடுவில் 56 சென்டிமீட்டர் ஒன்று மேல்நோக்கி, மூலைத் துளைகளில் 59 சென்டிமீட்டர் நாலு, கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்து. அப்படிச் சாய்த்தால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் (ரேடியோ அலைக்கான மின்தடை) ஏறத்தாழ 50 ஓம் வரும். ஒரு மாலை வேலை, சால்டர் சூடாகும் நேரத்தையும் சேர்த்து.

கேபிளுக்கு டிவி கேபிளான ஆர்ஜி-6 போதும். 75 ஓம், 50 ஓம் என்று பயமுறுத்துவார்கள், அந்தப் பொருத்தமின்மையில் போவது 4 சதவீதம்தான். 100 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு 50 ஓம் கேபிளான ஆர்ஜி-58 ஏறத்தாழ 4.5 டெசிபல் தின்னும், ஆர்ஜி-6 அதில் பாதிகூட இல்லை. கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், இல்லாவிட்டால் கேபிள் வழியே நேராகப் பெட்டிக்கு வரும். மின்கம்பி பக்கம் கம்பியைத் தூக்கவே வேண்டாம். மேகம் கறுத்தால் இடி வருவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள், இடி தொடங்கிய பிறகு கையை வைக்காதீர்கள்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, எதைக் கேட்கலாம், பெட்டியை வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுமா என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை வந்தது, உண்மையிலேயே செங்கல்தான். சுமையோடு அளந்தால் 13.7, சத்தம் முழுக்க வைத்தாலும் 13.6. ஆன்டெனாவை ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு குச்சியில் நீட்டிக் கட்டியிருக்கிறேன். ஸ்குவெல்ச் இப்போது கால்வாசியில் நிற்கிறது.

இரண்டு கேள்வி. விமானி பேசுவது கேட்கிறது, பதில் சொல்லும் தரைக்கட்டுப்பாட்டு ஆள் கேட்கவே இல்லை, ஏன்? இன்னொன்று, 118 பக்கத்தில் எங்கோ சினிமாப் பாட்டு மங்கலாகக் கேட்கிறது!

செம்புச்சுருள்:

முதல் கேள்விக்குப் பதில் பூமி உருண்டை. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். 10,000 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு 412 கிலோமீட்டர். தரையில் 30 மீட்டர் கோபுரத்துக்கு 23 கிலோமீட்டர், உங்கள் ஜன்னல் 10 மீட்டர் உயரமென்றால் இன்னொரு 13. அதற்கு அப்பால் கோபுரம் இருந்தால் விமானியின் பாதி உரையாடலை வைத்து மறுபாதியை நீங்களே ஊகிக்க வேண்டியதுதான். பழகிவிடும்.

பாட்டு, பக்கத்து எஃப்எம் நிலையம். அவர்கள் 88 முதல் 108க்குள் பெரும் சக்தியோடு ஒலிபரப்புவதால் உங்கள் பெட்டியின் முன்பகுதி திணறுகிறது. ஏடிடி (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும்) பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், பாட்டு அடியோடு மறைந்து விமானி மட்டும் நின்றால் ஓவர்லோடுதான். 88 முதல் 108 வரை தடுக்கும் எஃப்எம் ஃபில்டர் ஒன்றை ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் போட்டால் தீர்ந்தது. நல்லவேளை, அன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கவில்லை, வாங்கியிருந்தால் இப்போது முழுக் கச்சேரியே கேட்டிருக்கும்.

மொட்டைமாடி:

ஏடிடி அழுத்தினேன், பாட்டு போய்விட்டது, ஃபில்டருக்குச் சொல்லிவிட்டேன். மீதி ஒன்றே ஒன்று. மாலை ஏழு மணி ஆனதும் லேசான 'கர்ர்ர்' தொடங்கி, பத்தரைக்கு நிற்கிறது. என் மெயினை அணைத்தும் போகவில்லை. ஏஎம் பாக்கெட் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன், பக்கத்து வீட்டு பால்கனி அலங்கார விளக்குச் சரம் பக்கம் போனால் கத்துகிறது. புதிதாகக் குடிவந்தவர்கள், போய் விளக்கை அணையுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இரவுக்காவல்:

கேட்க வேண்டாம். வீட்டுக்கு மறுபக்கம் ஜன்னல் இருக்கிறதல்லவா, குச்சியை அங்கே மாற்றுங்கள். ஆர்ஜி-6 இன்னும் பத்து மீட்டர் கூடினாலும் ஒரு டெசிபல்கூடப் போகாது.